ஈரத் துணி எத்தனை? எண்ணிப் பாருங்கள்!

மும்பையில் ஜூலை மாதம். 4 நாட்களாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை.

தாராவி 90 அடி ரோட்டில் இருந்து பிரியும் ஒரு சந்து. மாடியில் ஒரு கோலி. நீளம் 12 அடி, அகலம் 10 அடி. சமையல், படுக்கை, துணிமணி, தண்ணீர் டிரம் எல்லாம் அதற்குள்தான். குறுக்கும் நெடுக்குமாக 3 கொடிகள். மூன்றிலும் சின்னச் சின்னத் துணிகள். முந்தின நாள் துவைத்தவை. தொட்டுப் பார்த்தால் இன்னும் 'சில்' என்று இருக்கின்றன.

கட்டிலில் தாய். பக்கத்தில், பிறந்து 4 நாள் ஆன ஆண் குழந்தை.

நெல்லை மாவட்டத்துக் குடும்பம் அது. கணவர் பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் குமாஸ்தா. பிரசவத்துக்கு மனைவியின் தாயார் ஊரில் இருந்து வருவதாக இருந்தது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் குழந்தை 2 வாரம் முந்திக்கொண்டது! தாயாரின் டிக்கெட் தேதிக்கு இன்னும் 9 நாள் இருந்தது. மாற்றி எடுக்கலாம் என்றால், வெயிட்டிங் லிஸ்ட் 100-ஐத் தாண்டி நின்றது. 3-வது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியபோது, சமைக்கவும் துவைக்கவும் உலர்த்தவும் அந்தக் குமாஸ்தா ஒருவர்தான் ஆள்.

ஒரு நாள் துவைத்தார். மறுநாள் மாற்றக் காய்ந்த துணி இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு பாக்கெட் டயப்பர் வாங்கி வந்து கட்டிவிட்டார். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது இருவருக்கும்.

5-வது நாள் முழுவதும் டயப்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். உலர்ந்தே இருந்தது. "நல்ல கம்பெனி! ஈரமே தெரியவில்லை" என்று கணவர் சொன்னார். குழந்தையும் அழவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தது. "சாதுப் பிள்ளை" என்று மனைவி சந்தோஷப்பட்டாள்.

ஆச்சி கேட்ட கேள்வி

6-வது நாள் காலை, எதிர் கோலியில் இருக்கும் ஆச்சி பிள்ளையைப் பார்க்க வந்தார். அவரும் நெல்லைச் சீமைதான். மும்பைக்கு வந்து 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. 5 பிள்ளைகளை இதே சந்தில் வளர்த்தவர்.

பிள்ளையை மடியில் எடுத்தார். கன்னத்தைத் தட்டினார். கண் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார். லேசாக முனகிவிட்டு மறுபடியும் தூங்கியது. டயப்பரைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, பிள்ளை எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டார்.

"தெரியலையே ஆச்சி. இதுதான் உறிஞ்சிக்கிடுதே" என்றாள் மனைவி.

ஆச்சி டயப்பரைப் பிரித்தார். இரவு 10 மணிக்குக் கட்டியது. புதிதாகப் பாக்கெட்டில் இருந்து எடுத்தது போல லேசாக இருந்தது. நடுவில் மட்டும் செங்கல் பொடியைத் தூவியது போல ஒரு சின்னக் கறை.

"ஐயா, ஆபீசுக்கு அப்புறம் போவலாம். முதல்ல பிள்ளையைத் தூக்கு" என்றார் ஆச்சி, கணவரைப் பார்த்து.

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதே கேள்வியைத்தான் இந்தியில் கேட்டார். "கித்னே பார் பேஷாப் கியா?" நாள் முழுவதும் கப்பலில் ஏறும் பெட்டிகளையும் மூட்டைகளையும் எண்ணி எழுதுகிற மனிதருக்கு, தன் பிள்ளையின் கணக்கைச் சொல்லத் தெரியவில்லை.

எடை போட்டார்கள். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. குழந்தைக்குப் பால் போதவில்லை. உடம்பில் நீர் வற்றத் தொடங்கிவிட்டது. அது அழாமல் தூங்கியது சாது என்பதால் அல்ல. அழுவதற்குத் தெம்பு இல்லை!

2 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். குழந்தை வாயைத் திறந்து மார்பைச் சரியாகக் கவ்வும்படி எப்படிப் பிடிப்பது என்று நர்சு தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினார்கள். (மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்துக்கு வடநாட்டு ஆஸ்பத்திரிகளிலும் டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாலாடை'தான். நம் ஊர்ச் சொல்!) பிள்ளை பிழைத்துக்கொண்டது.

டயப்பர் மேல் குற்றம் இல்லை. அது தன் வேலையைச் செய்தது. ஈரத்தை மறைப்பதுதான் அதன் வேலை. ஆனால் பச்சைக் குழந்தையின் வீட்டில், ஈரம் என்பது ஒரு சேதி. பால் வயிற்றுக்குள் போகிறதா, இல்லையா என்று அம்மாவுக்கு அளந்து சொல்லக்கூடியது அந்த ஈரத் துணி ஒன்றுதான்.

கணக்கு இதுதான்

முதல் நாள் 1 முறையாவது சிறுநீர் போக வேண்டும். 2-வது நாள் 2 முறை, 3-வது நாள் 3 முறை. இப்படி ஏறி, 5 அல்லது 6-வது நாளில் இருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது 6 துணியாவது நன்றாக நனைய வேண்டும்.

மலத்துக்கும் கணக்கு உண்டு. முதல் 2 நாள் தார் போலக் கருப்பாகப் பிசுபிசு என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கருவில் இருந்தபோது சேர்ந்தது அது. 3, 4-வது நாள் பச்சையாக மாறும். 5-வது நாள் வாக்கில் மஞ்சளாகி, தண்ணீராக, விதை விதையாகப் போகும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அது பேதி அல்ல. ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் போகிற பிள்ளை உண்டு. ஒரு மாதத்துக்குப் பிறகு சில பிள்ளைகள் 4, 5 நாளுக்கு ஒரு முறைகூடப் போகும். இளக்கமாகப் போய், எடையும் ஏறினால் அதற்கும் கவலை இல்லை.

செங்கல் நிறக் கறை முதல் 2, 3 நாளில் பட்டால் அது சகஜம். 4 நாளுக்குப் பிறகும் பட்டால், பால் போதவில்லை என்று பொருள். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 8 மணி நேரமாக டயப்பர் உலர்ந்தே இருந்தாலும் அப்படித்தான். மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனாலும், ரத்தம் கலந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

டயப்பர்தான் கட்டுகிறோம், எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். ஒரு வழி இருக்கிறது. புதிய டயப்பரில் 3 மேசைக்கரண்டி தண்ணீரை ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். பிள்ளை நன்றாகச் சிறுநீர் போன டயப்பர் அந்தக் கனம் இருக்கும். இன்னொரு வழி, உள்ளே சின்னதாக ஒரு பருத்தித் துணியை மடித்து வைப்பது. சில டயப்பர்களில் வெளியே ஒரு மஞ்சள் கோடு இருக்கும். நனைந்தால் அது நீலமாகும். குமாஸ்தா வாங்கியதில் அந்தக் கோடு இல்லை.

முதல் 2 வாரம் துணியே மேல் என்று ஆச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நனைந்தால் கைக்குத் தெரியும். காலண்டரில் ஒரு கோடு போட்டு வைத்தால் கணக்கும் தெரியும்.

வேட்டியா, டெரிகாட்டனா?

எந்தத் துணி? ஊரில் இந்தக் கேள்வி எழுவதில்லை. தாத்தாவின் நைந்த மல் வேட்டி எல்லார் வீட்டிலும் இருக்கும். பல தடவை துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனது. அதைக் கிழித்தால் ஒரு பிள்ளைக்குப் போதும். மும்பையில் வேட்டி கட்டுகிறவர் எத்தனை பேர்? பீரோவில் இருப்பதெல்லாம் பேண்ட், சட்டை. அதிலும் பாதி பாலியெஸ்டர் கலந்தது. பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது, தோலிலேயே நிறுத்தும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவி உள்ளே போனால் பருத்தி. முத்து போல உருண்டு நின்றால், அந்தத் துணி தரை துடைக்கத்தான் ஆகும்.

முக்கால் கஜச் சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்துக்கொள்ளலாம். புதுத்துணி வாங்கினால் 2, 3 தடவை துவைத்துக் கஞ்சி போன பிறகே கட்ட வேண்டும். வெயில் காலத்தில் 24 துணி போதும். மும்பை மழைக்கு 40 வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் ஊரில் இருந்து யாராவது வரும்போது சொல்லிவிடுங்கள். பழைய வேட்டி கேட்டு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைக்கு அடியில் விரிக்க, அக்கம்பக்கத்து மராட்டியப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் 'கோதடி' மிகவும் நல்லது. கேட்டால் தைத்தும் தருவார்கள்.

கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். நம் வழக்கப்படி அரைஞாண் கயிற்றில் துணியைச் செருகுகிறோம். கயிறு இறுக்கமாக இருந்தாலோ, நனைந்தே கிடந்தாலோ இடுப்பைச் சுற்றி அறுக்கும். பிள்ளை வாரத்துக்கு வாரம் பெருக்கிறது, கயிறு பெருப்பதில்லை. அடிக்கடி தளர்த்த வேண்டும். ஊக்கு வேண்டாம், நாடா போதும். தொப்புள் கொடி காய்ந்து விழுகிற வரை அதற்குக் கீழேதான் துணி நிற்க வேண்டும்.

கால் இரண்டையும் நீட்டிச் சேர்த்து, வாழைக்கட்டை போல இறுக்கிச் சுற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். தவளைக் கால் போல அகன்று மடங்கி இருப்பதே பிள்ளைக்கு இயல்பு. அதற்கு இடம் விட்டே கட்ட வேண்டும்.

மாற்றும் போது

துணி மாற்றத் தரையை விட நல்ல இடம் கிடையாது. பாயை விரித்து மேலே கோதடியைப் போட்டால் முடிந்தது. கட்டிலில் வைத்து மாற்றினால் ஒரு கை எப்போதும் பிள்ளை மேல் இருக்க வேண்டும். இன்னும் குப்புற விழவில்லை, உருளாது என்று நம்ப முடியாது. உருளும் முதல் தடவைக்கு யாரும் முன்கூட்டித் தந்தி அடிப்பதில்லை.

தண்ணீர், துடைக்கும் துணி, மாற்றுத் துணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்ட பிறகே பிரிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சோ பழைய துணியோ போதும். சோப்பு தினமும் தேவை இல்லை. பெண் குழந்தைக்கு முன்னால் இருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதையில் ஏறிவிடும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ முயலக் கூடாது. தொடை மடிப்புகளில் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. பிறகு 5 நிமிடம் காற்றாட விடுவது எந்த மருந்தையும் விட நல்லது.

பவுடர் வேண்டாம். பிள்ளைக்குப் பவுடர் போடாவிட்டால் மனசு ஆறாத அம்மாக்கள் உண்டு. ஆனால் பறக்கும் தூள் மூச்சில் ஏறும் என்பதால் குழந்தை டாக்டர்கள் அதை இப்போது வேண்டாம் என்கிறார்கள். முடிந்ததும் மாற்றியவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரே அறையில் சமையலும் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

மாற்றுவது பெண்களின் வேலை என்று ஊரில் நினைக்கிறோம். இங்கே ஒற்றைக் கோலியில் அந்த நினைப்பு செல்லுபடி ஆகாது. அந்தக் குமாஸ்தா காலை 8-14 லோக்கலைப் பிடிக்கும் முன் 2 துணி மாற்றுகிறார். முதலில் சந்துக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது அவரிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள்.

மழையில் காய வைப்பது

துவைப்பதை விட உலர்த்துவதுதான் இந்த ஊரில் பெரும்பாடு. ஜூன் நடுவில் இருந்து செப்டம்பர் முடிய மூன்றரை மாதம் காற்றிலேயே ஈரம். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

மலத்தைக் கக்கூசில் உதறிவிட்டு, அந்தத் துணியை மூடி போட்ட தனி வாளியில் போட வேண்டும். சிறுநீர்த் துணிக்கு இன்னொரு வாளி. முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பிலேயே வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்பும் வெந்நீரும். கடைசியாக, நுரை போகும் வரை 2, 3 தண்ணீர் அலச வேண்டும். குழந்தைக்கு வரும் சிவப்புத் தடிப்புக்குச் சில வீடுகளில் அலசாமல் விட்ட சோப்பும் ஒரு காரணம். கிருமி நாசினி மருந்தைக் கொஞ்சம் ஊற்றினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது துணியில் தங்கித் தோலைச் சுடும். வாசனைத் திரவமும் அப்படியே. துணி உறிஞ்சும் சக்தியையும் அது குறைக்கும்.

பிழிந்த துணியை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, இன்னொரு முறை முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு மின்விசிறிக்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்துப் போட வேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேயுங்கள். மிச்ச ஈரமும் போகும், கிருமியும் சாகும். இஸ்திரிப் பெட்டியை மழைக்காலப் பிள்ளைத்தாய்ச்சியின் சூரியன் என்றே சொல்லலாம். எப்போதாவது அரை மணி நேரம் நிஜச் சூரியன் வந்தால், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டியதுதான்.

செய்யக் கூடாதவை இரண்டு. கேஸ் அடுப்புக்கு மேலே கொடி கட்டக் கூடாது. ஒரு துணி நழுவி விழுந்தால் போதும், கோலியே எரிந்துவிடும். சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்துவதும் வேண்டாம். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னல் சாத்திய சின்ன அறையில் அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

காய்ந்ததா இல்லையா என்ற சந்தேகத்தோடு கட்டும் அரை ஈரத் துணியை விட, அந்த ஒரு வேளைக்கு டயப்பர் கட்டுவது எவ்வளவோ மேல்.

டயப்பர் செலவு

அமெரிக்காவில் 1961-ம் ஆண்டு 'பேம்பர்ஸ்' விற்பனைக்கு வந்தது. இன்று எந்தக் கம்பெனியின் டயப்பராக இருந்தாலும் நம்மவர்கள் கடையில் "ஒரு பேம்பர்ஸ் குடுங்க" என்றே கேட்கிறார்கள். 1980-களில் உள்ளே ஒரு ரசாயன மணியைச் சேர்த்தார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து ஜெல்லியாகும் மணி அது. அதற்குப் பிறகே டயப்பர் மெல்லிசானது. கனத்துக் கிழிந்த டயப்பரில் இருந்து அந்த ஜெல்லி பிள்ளையின் தோலில் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. தண்ணீரால் துடைத்தால் போய்விடும். பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டயப்பர் அந்த அளவு நிறையும் வரை விட்டதுதான் தப்பு.

ஒரு டயப்பர் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 8 என்றால் 80 ரூபாய். மாதம் 2,400. ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதனால் மிச்சமாவது ஒரு பாக்கெட்டுக்குச் சில ரூபாய்.

செலவுக்குப் பயந்து சிலர் ஒரே டயப்பரைக் காலையில் இருந்து மாலை வரை விடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. சிறுநீரும் மலமும் கலந்து தோலை அரிக்கும். ஒரு டயப்பரை நாள் முழுவதும் கட்டுவதற்குப் பதில், பகலில் துணியும் இரவில் ஒரு டயப்பரும் கட்டினால் செலவும் குறையும், தாயும் தூங்குவாள். அந்தக் குமாஸ்தா வீட்டில் இப்போது இந்த ஏற்பாடுதான். மாதம் 300, 400 ரூபாய்க்குள் முடிகிறது.

வாங்கும்போது வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து வாங்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு ஜட்டி போல மாட்டுவதை விட, பக்கவாட்டில் ஒட்டுகிற வகை வசதி. தொப்புளுக்குக் கீழே மடித்துவிடலாம். இடுப்பில் 2 விரல் நுழைய வேண்டும். தொடையில் சிவந்த தழும்பு விழுந்தால் அடுத்த அளவுக்குப் போக வேண்டும். பெரிய பாக்கெட் மலிவு என்று ஆசைப்பட்டு அளவு சிறியதில் 2 பாக்கெட் வாங்கி வைக்காதீர்கள். முதல் மாதத்தில் பிள்ளை வளர்கிற வேகத்தில் பாதி மிஞ்சிவிடும்.

பகலில் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மலம் போனால் உடனே. இரவில் வெறும் சிறுநீருக்காகத் தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை. தோல் சிவந்திருந்தால் மட்டும் எழுப்பலாம்.

சிவந்தால் முதல் வேலை, கட்டாமல் விடுவது. விரிப்பில் படுக்க வைத்துக் காற்றாட விட வேண்டும். நனைத்தால் நனைக்கட்டும். துத்தநாகம் சேர்ந்த வெள்ளைக் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும். கெட்டியாகப் பூசலாம். 3 நாளில் தணியாவிட்டாலோ, மடிப்புக்குள் ரத்தச் சிவப்பாகி ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தாலோ அது காளான் கிருமி. அதற்கு மருந்து வேறு. பக்கத்து வீட்டுக்காரர் தந்த ஏதோ ஒரு டியூபைப் பூசக் கூடாது. பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். பச்சைத் தோலுக்கு அது ஆகாது. டாக்டரிடம் காட்டுங்கள்.

பயன்படுத்திய டயப்பரைக் கக்கூசில் போட்டால் சாலுக்கே அடைப்பு. சாக்கடையில் வீசினால் மழை வெள்ளம் அதைத் திரும்ப நம் வாசலுக்கே கொண்டுவரும். மலத்தை உதறி, சுருட்டி, காகிதத்தில் சுற்றித் தனியாகக் குப்பையில் சேர்க்க வேண்டும் என்பது 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. குப்பையைத் தரம் பிரிக்கும் தொழிலாளி பல இடங்களில் வெறுங்கையோடுதான் பிரிக்கிறார். அவர் நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம். சுற்றுவதற்கு, படித்து முடித்த பத்திரிகை இருக்கவே இருக்கிறது!

ஊருக்குப் போகும் ரெயிலில்

பிள்ளையை ஊரில் காட்ட வேண்டும். மும்பையில் இருந்து சோலாப்பூர், வாடி, குண்டக்கல் வழியாக நெல்லைச் சீமைக்கு ஒன்றரை நாள் பயணம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை; தனி பெர்த்தும் இல்லை. தாயோடுதான் படுக்க வேண்டும். எனவே கீழ் பெர்த் கிடைப்பது மிக முக்கியம். சீக்கிரம் முன்பதிவு செய்தால் கிடைக்கும்.

பயணத்துக்கு டயப்பர்தான் தோது. ஒன்றரை நாளுக்கு 12 ஆகும். ரெயில் தாமதத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் சேர்த்து 16 வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே 6 துணி, ஒரு ரப்பர் விரிப்பு, பிளாஸ்க்கில் வெந்நீர், வாய் கட்டக்கூடிய பைகள், ஒரு சோப்பு. பிள்ளையை பெர்த்தில் வைத்தே மாற்றலாம். ஜன்னல் பக்கம் தலை, நடைபாதைப் பக்கம் தாய். கக்கூசுக்குள் கொண்டுபோய் மாற்ற முயல வேண்டாம். ஆடுகிற ரெயிலில் ஒரு கையால் பிள்ளையையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்தால், மாற்றுவதற்கு மூன்றாவது கை ஏது?

பழைய ரெயில் பெட்டிகளில் போட்டது தண்டவாளத்தில் விழும். இப்போது பெட்டிக்குக் கீழே தொட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் மலத்தைக் கரைக்கின்றன. டயப்பரை அவை கரைக்காது. ஒரு டயப்பர் குழாயில் சிக்கினால் அந்தக் கக்கூஸ் அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பெட்டியில் இருப்பவர் எல்லாரும் மிச்ச தூரத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பையில் கட்டி வைத்து, பெரிய ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். ஜன்னல் வழியாகவும் வீசக் கூடாது. தண்டவாளத்தில் வேலை செய்யும் ஆள் மேல் விழும்.

பயணத்திலும் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். புழுக்கத்தில் பிள்ளைக்குத் தாகம் அதிகம். 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தண்ணீர் தேவை இல்லை; தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். ஆனால் தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கக்கூசுக்குப் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர்.

குமாஸ்தாவின் குடும்பம் வருகிற தீபாவளிக்கு ஊருக்குப் போகிறது. டிக்கெட் கன்பர்ம் ஆகிவிட்டது. 2 கீழ் பெர்த். ஆச்சி தன் பழைய வாயில் சேலை ஒன்றைக் கிழித்து, 8 துணி ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறார். கோலிச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஜூலை மாதத் தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. அதில் 10-ம் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் 7 கோடுகள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாள் கணவர் போட்டவை.